ஒடிந்ததும் ஒடித்ததும்

உட்காரு கண்ணு, இங்கே ஆள் வரவில்லை. பையை மடியில் வைத்துக்கொண்டு ஏன் அவஸ்தைப்படுகிறாய், காலடியில் வை. கரூரிலிருந்து திருச்சி போவதற்குள் இந்த பஸ் எல்லா ஊரிலும் நின்று விசாரித்துவிட்டுத்தான் போகும். எனக்கும் அவசரம் இல்லை.

உன் ஷூவைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். தப்பாக நினைக்காதே. அடியில் இப்படித் தடித்து, முன்பக்கம் கொஞ்சம் தூக்கினாற்போல இருக்கிற ஷூவைச் சும்மா நடக்கிறவர்கள் போடுவதில்லை. நாளைக் காலையில் திருச்சியில் மாரத்தான் இருக்கிறதே, அதற்குத்தானே போகிறாய்? நினைத்தேன். பாதியா, முழுசா? பாதி. இருபத்தொரு கிலோமீட்டர். என் மருமகளும் அதைத்தான் ஓடுகிறாள்.

இல்லை, அவள் கூட வரவில்லை. அவள் முன்னாலேயே போய்விட்டாள். நான் பின்னால் போகிறேன்.

சிரிக்கிறாய். நான் பேசுவது பாடப்புத்தகம் போல இருக்கிறது என்றுதானே? எல்லாரும் சொல்வதுதான். பெண்கள் பள்ளியில் தமிழாசிரியையாக இருந்தேன். வேலை ஓய்ந்துவிட்டது, நாக்கு ஓயவில்லை. என் பெயர் வேதநாயகி. மருமகள் மீனலோசனி, வீட்டில் லோசனி. முசிறிப் பெண். மகன் நன்மாறன். நான் வைத்த பெயர். கரூரில் திரைச்சீலை, மெத்தை விரிப்பு ஏற்றுமதி செய்கிற கம்பெனியில் மேனேஜர். தங்கமான பிள்ளை. கோபம் வரும், இல்லையென்று சொல்லவில்லை. மழை மாதிரி வரும், மழை மாதிரி நின்றுவிடும். அவன் அப்பாவுக்கும் அப்படித்தான் வரும். மழை பெய்யும்போது யாராவது நடு முற்றத்தில் போய் நிற்பார்களா? கொஞ்சம் ஒதுங்கி நிற்கவேண்டும். லோசனிக்கு ஒதுங்கத் தெரியவில்லை. அதைத்தான் நான் சொல்லிச் சொல்லிப் பார்த்தேன்.

போன ஐப்பசியில் அவளுக்கு வலது கால் ஒடிந்தது. முழங்காலுக்குக் கீழே, பெரிய எலும்பு. பாத்ரூமில் வழுக்கி விழுந்துவிட்டாள். வானம் இருட்டிக்கொண்டு வந்ததே என்று நான் மாடியில் துணி எடுக்கப் போயிருந்தேன். கீழே வந்தபோது ஹாலில் கிடந்தாள். பாத்ரூமில் விழுந்தவள் ஹாலுக்கு எப்படி வந்தாள் என்று பார்க்கிறாயா? டாக்டரம்மாவும் அதைத்தான் கேட்டாள். தவழ்ந்து வந்திருப்பாள். வலியில் மனிதர்கள் எங்கெங்கோ தவழ்வார்கள். மாறன் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தான், பாவம். அவனேதான் அவளைத் தூக்கிக்கொண்டு போய்க் காரில் படுக்க வைத்தான். அந்த வாரம் முழுக்க அவனுக்குச் சோறு இறங்கவில்லை. இதையெல்லாம் யாரும் சொல்வதில்லை.

டாக்டரம்மா சின்ன வயசு, உன்னைவிடக் கொஞ்சம் பெரியவளாக இருப்பாள். எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். பார்த்துவிட்டு, "இது எப்படி ஆச்சு?" என்று லோசனியிடம் கேட்டாள். லோசனி என்னைப் பார்த்தாள். மாறனைப் பார்க்கவில்லை, என்னை. நான் சொன்னேன்: "வழுக்கி விழுந்துட்டா டாக்டர். கால் ஒடிஞ்சிருச்சு."

"அவங்க சொல்லட்டும்" என்றாள் டாக்டரம்மா.

"அதான் அத்தை சொல்லிட்டாங்களே" என்றாள் லோசனி.

அவ்வளவுதான். உள்ளே கம்பி வைத்துத் தைத்தார்கள்.

அதற்கப்புறம் நான் அவளைப் பார்த்துக்கொண்ட மாதிரி அவளைப் பெற்றவள்கூடப் பார்த்திருக்கமாட்டாள். தலை வாரிவிட்டேன். படுக்கையிலேயே எல்லாம் எடுத்துக் கொட்டினேன். அதற்கு முந்தின வருஷம் கரு கலைந்தபோதும் நான்தான் பார்த்தேன். அருவருப்பு என்று ஒரு நாள் முகம் சுளித்ததில்லை. ஊரில் மாமியார் என்றால் ஒரு பேச்சு இருக்கிறதே, அந்தப் பேச்சுக்கு நான் ஆளாகக் கூடாது என்று இருந்தேன்.

குச்சியை ஊன்றி எழுந்தாள். அப்புறம் சுவரைப் பிடித்து நடந்தாள். பயிற்சி கொடுக்க ஒரு பெண் வீட்டுக்கு வருவாள், காலை மடக்கச் சொல்லி, நீட்டச் சொல்லி. அவள்தான் ஒருநாள் செல்போனில் ஏதோ படம் காட்டினாள். எலும்பு முறிந்தவர்கள் மறுபடி ஓடுகிற படம். இவளுக்கு அது மனசில் விழுந்துவிட்டது. படித்த பெண், கல்லூரியில் ஓட்டத்தில் பரிசு வாங்கினவள் என்று கல்யாணத்தின்போதே அவள் அம்மா சொன்னாள். நாங்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பாட்டுத் தெரியும், கோலம் போடுவாள் என்று சொல்வதில்லையா, அந்த மாதிரி.

மாறனிடம் கேட்டாள். சாப்பிட்டுக்கொண்டிருந்தான். "ஓடணுமா? எங்க ஓடப் போற?" என்றான். சிரித்துக்கொண்டுதான் கேட்டான்.

"சும்மா, கிரவுண்டுலதான். காலுக்கு நல்லதுன்னாங்க."

அவன் என்னைப் பார்த்து, "அம்மா, நீ கூடப் போ" என்றான். பார், அனுமதி கொடுத்துவிட்டான். எத்தனை வீட்டில் கொடுப்பார்கள்?

அப்படித்தான் நாங்கள் இரண்டு பேரும் விடிந்ததும் விடியாததுமாகக் கிளம்புவோம். எங்கள் தெருவுக்குப் பின்னால் ஒரு கல்லூரி மைதானம். அவள் செருப்பு என் காலடியிலும் செல்போன் என் மடியிலும் இருக்கும். நான் வேப்பமரத்தடியில் சிமெண்ட் பெஞ்சில் இருப்பேன். அவள் சுற்றுவாள். முதலில் நடை. அப்புறம் நடையும் ஓட்டமும். அப்புறம் ஓட்டம். வெளியே ரோட்டில் ஓடக்கூடாது என்று மாறன் சொல்லிவிட்டான். லாரி போகிற ரோடு, அவன் சொன்னதும் நியாயம்தானே. அதனால் முழுத் தூரத்தையும் அவள் அந்த மைதானத்துக்குள்ளேயே ஓடிப் பழகினாள். செக்கு மாடு தோற்றது. சுற்றிச் சுற்றி, சுற்றிச் சுற்றி, எனக்கே தலை சுற்றும்.

எனக்குக் காதுதான் கண். கண்ணை மூடிக்கொண்டாலும் அவள் எங்கே ஓடுகிறாள் என்று தெரியும். ஆரம்பத்தில் இடது கால் குறிலாகவும் வலது கால் நெடிலாகவும் விழும். இழுத்து இழுத்து, தளை தட்டுகிற செய்யுள் மாதிரி. கேட்கவே சங்கடமாக இருக்கும். மாசி, பங்குனி போகப் போக நெடில் குறுகிற்று. சித்திரையில் ஒருநாள் இரண்டு காலும் ஒரே அளவில் விழுந்தன. எனக்கு உடம்பு சிலிர்த்தது கண்ணு. நாற்பது பிள்ளைகள் ஒரே குரலில் செய்யுள் சொல்லும்போது வகுப்பறையில் எனக்கு அப்படி ஆகும்.

மாறன் நடுவில் போன் பண்ணுவான். "அவ எங்க இருக்காம்மா?" "சுத்திக்கிட்டிருக்கா சாமி." "எனக்குக் கேக்கலையே." நான் போனை மைதானத்துப் பக்கம் நீட்டிப் பிடிப்பேன். அவள் என்னைத் தாண்டும்போது காலடிச் சத்தம் அவனுக்குக் கேட்கும். கேட்டதும் வைத்துவிடுவான். அவ்வளவு அக்கறை. அவளும் போன் நீட்டியிருப்பதைப் பார்த்தால் காலை அழுத்தி அழுத்தி வைத்துப் போவாள். அவனுக்குக் கேட்கட்டும் என்று. அந்தக் காலை அழுத்தி வைத்தால் எவ்வளவு வலித்திருக்கும் என்று எனக்கு அப்போது தோன்றவில்லை.

வலி இருந்தது. இல்லாமல் இருக்குமா? பயிற்சிக்கு வருகிற பெண், "எலும்பு கூடிருச்சு, சதை இன்னும் கூடலை. இவ்வளவு தூரம் வேண்டாம்" என்று சொன்னாள். இவள் கேட்கவில்லை. ஒருநாள் தையல் போட்ட இடம் வீங்கிச் சிவந்து, மைதானத்து ஓரத்திலேயே வாந்தி எடுத்தாள். வாயைத் துடைத்துக்கொண்டு மறுபடி எழுந்தாள். எனக்குக் கோபம் வந்துவிட்டது.

"எதுக்குடி இந்தப் பிடிவாதம்? முடிச்சா என்ன குடுப்பாங்க?"

"ஒரு மெடல் குடுப்பாங்க அத்தை. அப்புறம் ஒரு வாழைப்பழம்."

"வாழைப்பழம் நம்ம வீட்டுலயே இருக்கு."

"அதை உக்காந்து திங்கணுமே" என்றாள்.

இப்படித்தான், விளையாட்டாக ஏதாவது சொல்வாள். ஓடி முடித்ததும் பெஞ்சில் என் மடியில் காலைப் போடுவாள். நான் எண்ணெய் தேய்த்துவிடுவேன். அந்தக் கால் எனக்கு என் கால் மாதிரி மனப்பாடம். தழும்பு எங்கே தொடங்கி எங்கே வளைகிறது, எங்கே தொட்டால் பல்லைக் கடிப்பாள் எல்லாம் தெரியும். எனக்குப் பெண் குழந்தை இல்லை கண்ணு.

அப்படித் தேய்த்துக்கொண்டிருந்த ஒருநாள் கேட்டாள். "அத்தை, உங்ககிட்ட ஒரு இலக்கணச் சந்தேகம்."

எனக்குச் சந்தோஷம். வீட்டில் யாரும் அதெல்லாம் கேட்பதில்லை.

"ஒடிஞ்சதுக்கும் ஒடிச்சதுக்கும் என்ன வித்தியாசம்?"

இதை நான் வருஷக்கணக்காக நடத்தியிருக்கிறேன். ஒடிந்தது, தன்வினை. ஒடித்தது, பிறவினை. உடைந்தது, உடைத்தது. பிரிந்தது, பிரித்தது. கலைந்தது, கலைத்தது. நடுவில் ஒரே ஓர் எழுத்து. மெல்லினம் வந்தால் தானாக நடந்தது. அதை எடுத்துவிட்டு வல்லினத்தைப் போட்டால் யாரோ செய்தது. எவ்வளவு சிக்கனமான மொழி பார் என்று வகுப்பில் சொல்வேன். ஓர் எழுத்தில் ஆளைக் கொண்டுவரலாம், ஓர் எழுத்தில் ஆளை மறைக்கலாம். அதையே அவளுக்கும் சொன்னேன்.

கவனமாகக் கேட்டாள். கேட்டுவிட்டு, "டாக்டர்கிட்ட நீங்க ஒரு வாக்கியம் சொன்னீங்களே. உங்க ஸ்கூல் பிள்ளை அதை எழுதியிருந்தா எத்தனை மார்க் போடுவீங்க?" என்றாள்.

"முழு மார்க்" என்றேன். "அதில் பிழை இல்லையே."

"எழுவாய் இல்லையே அத்தை."

"ஏன் இல்லை? கால்தான் எழுவாய்."

"அப்போ என் கால்தான் எல்லாம் பண்ணியிருக்கு" என்றாள். சிரித்தாள். சிரித்துக்கொண்டே காலை என் மடியிலிருந்து எடுத்துக்கொண்டாள். எண்ணெய் பாதிதான் தேய்த்திருந்தேன். அதற்கப்புறம் அவள் என்னைத் தேய்க்க விடவில்லை. தானே தேய்த்துக்கொள்வாள். இலக்கணம் சொல்லிக்கொடுத்ததற்கு இப்படி ஒரு கோபமா? நீயே சொல்லு. நான் சொன்னதில் என்ன தப்பு? கால் ஒடிந்தது. ஒடியவில்லை என்று யாராவது சொல்ல முடியுமா?

இது எந்த ஊர், குளித்தலையா? ஆற்றுக்கு அந்தப் பக்கம்தான் முசிறி. அவள் அம்மா வீடு. அங்கே போயும் கேட்டுவிட்டோம். அந்த அம்மாள் வாசலை விட்டு எங்களை உள்ளே விடவில்லை. "எனக்குத் தெரியாது" என்று ஒரே வார்த்தை. ஒரு தம்ளர் தண்ணீர் கிடையாது. சம்பந்தி என்ற மரியாதை கிடையாது.

ஆமாம், போய்விட்டாள். அதைச் சொல்லவில்லையா நான்? ஆனி மாசம். வழக்கம்போல ஓடிக்கொண்டிருந்தாள். வேப்பமரத்தில் குயில் ஒன்று கத்திக்கொண்டிருந்தது, நான் அதைக் கேட்டுக்கொண்டிருந்தேன். மாறன் போன் பண்ணினான். நான் போனை நீட்டிப் பிடித்தேன். பிடித்துக்கொண்டே இருந்தேன். "சத்தமே இல்லையேம்மா" என்றான். கண்ணைத் திறந்து பார்த்தால் மைதானத்தில் யாரும் இல்லை. எதிர்ப்பக்கம் ஒரு சின்ன கேட், கிரிக்கெட் ஆடுகிறவர்கள் திறந்துபோட்டிருந்தார்கள். அவள் செருப்பு என் காலடியில் இருக்கிறது, போன் என் மடியில் இருக்கிறது, அவள் இல்லை. வெயில் ஏறுகிற வரைக்கும் உட்கார்ந்திருந்தேன். அந்தச் சுற்று முடித்து வந்துவிடுவாள் என்றே எனக்குத் தோன்றிக்கொண்டிருந்தது.

இந்தக் கட்டா? இது அன்றைக்கு ஆனது. மணிக்கட்டு கதவில் பட்டுவிட்டது. எலும்பு ஒன்றும் ஒடியவில்லை, சுளுக்குத்தான். இன்னும் பிடிமானம் வரவில்லை, அதனால்தான் இந்தத் தூக்குவாளியை இடது கையில் வைத்திருக்கிறேன். எந்தக் கதவா? கதவு என்றால் கதவு கண்ணு. வீட்டில் கதவு இருக்காதா?

தூக்கில் உளுந்து உருண்டை. எலும்புக்கு நல்லது, அவளுக்குப் பிடிக்கும். நீ ஒன்று எடுத்துக்கொள். வேண்டாமா? உனக்கு முகம் ஒரு மாதிரி இருக்கிறதே, பஸ் ஒத்துக்கொள்ளவில்லையா? எலுமிச்சம்பழம் வைத்திருக்கிறேன், மோந்து பார்.

எப்படிக் கண்டுபிடித்தோம் என்றா கேட்கிறாய்? அவள் போன் என்னிடம்தானே இருக்கிறது. போன வாரம் அதில் ஒரு செய்தி வந்தது. உங்கள் பெயர் பதிவாகியிருக்கிறது, இன்ன இடத்தில் வந்து எண் வாங்கிக்கொள்ளுங்கள் என்று. எப்போதோ பதிந்திருக்கிறாள், பழைய நம்பரைக் கொடுத்து. எவ்வளவு சாமர்த்தியமாக எல்லாம் செய்தவள் இதில் கோட்டைவிட்டாள் பார். அதைப் படித்ததும் எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. உயிரோடு இருக்கிறாள், ஓடுகிறாள் என்று. மாறனிடம் கொண்டுபோய்க் காட்டினேன். பெற்ற பிள்ளையிடம் எதை மறைப்பது?

அவன் கத்தவில்லை. அது எனக்கே ஆச்சரியம். என் பக்கத்தில் உட்கார்ந்து, சின்னப் பிள்ளையில் உட்காருவானே அந்த மாதிரி, மெதுவாகச் சொன்னான்: "ஆரம்பிக்கிற இடத்துல வேண்டாம்மா, அங்க கூட்டம். பாத்தா ஓடிருவா. முடிக்கிற இடத்துல நிப்போம். அவ்வளவு தூரம் ஓடி வர்றவளுக்கு அதுக்கு மேல ஓடக் கால் இருக்காது."

யோசனைக்காரப் பிள்ளை. எனக்கு இது தோன்றியிருக்காது.

இன்றைக்கு நான் ஸ்ரீரங்கத்தில் என் சித்தி மகள் வீட்டில் தங்குகிறேன். அவன் நாளைக்கு விடியும்போது காரில் வந்துவிடுவான். சாம்பல் நிறக் கார். ஓட்டம் முடிகிற கோட்டுக்குக் கொஞ்சம் தள்ளி, தண்ணீர் பாட்டில் கொடுக்கிற பந்தலுக்குப் பின்னால் நிறுத்துவானாம். நேற்றே போய் இடம் பார்த்துவிட்டு வந்தான். கட்டம்போட்ட நீலச் சட்டை எடுத்து வைத்திருக்கிறான், அவள் எடுத்துக்கொடுத்த சட்டை. என்னை முன்னால் நிற்கச் சொல்லியிருக்கிறான். என்னைப் பார்த்தால் அவள் நின்றுவிடுவாள். எப்படியும் என்னிடம் வருவாள், தெரியும் எனக்கு. வந்ததும் கையைப் பிடித்துக்கொள்ளம்மா, விட்டுராதே என்றான். இந்தக் கையால் எப்படிப் பிடிப்பது என்றுதான் யோசித்துக்கொண்டு வருகிறேன்.

நீ அங்கே அவளைப் பார்த்தால் நான் வந்திருப்பதைச் சொல்லிவிடாதே. உயரமாக இருப்பாள். முடியைக் கட்டையாக வெட்டிக்கொண்டாளோ என்னவோ. வலது கெண்டைக்காலில் தழும்பு, கீழே போய் உள்பக்கம் வளையும். அதை வைத்துக் கண்டுபிடித்துவிடலாம். மீனலோசனி. ஆமாம், மீன, லோசனி. மீன் போன்ற கண் உடையவள். ஏன் மறுபடி கேட்கிறாய்? எண்ணா? அதுவும் அந்தச் செய்தியில் இருந்தது. இரு, கண்ணாடியை எடுக்கிறேன். இதோ, நீயே பார்த்துக்கொள்.

பார்த்துவிட்டாயா? நல்லது.

அவனைப் பற்றி நீ தப்பாக நினைக்கிறாய். உன் முகத்தில் தெரிகிறது. முப்பது வருஷம் பிள்ளைகள் முகத்தைப் பார்த்து வேலை செய்தவள் நான். அவன் அவளைக் கூட்டிக்கொண்டு போய் நன்றாக வைத்துக்கொள்வான். சொல்லியிருக்கிறான். ஒருவாட்டி வீட்டுக்கு வரட்டும்மா, அப்புறம் அவ எங்கயும் ஓட மாட்டா என்று சொல்லியிருக்கிறான்.

அப்படித்தான் சொன்னான்.

அந்த வாக்கியத்தில் பிழை ஒன்றும் இல்லை. நானும் நேற்றிலிருந்து அதைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறேன்.

என்ன கண்ணு? உங்கள் ஓட்டக் குழுவில் யாரையோ கூப்பிட வேண்டுமா? கூப்பிடேன். அதற்கு எதற்கு எழுந்து முன்னால் போகிறாய், டிரைவர் பிரேக் போட்டால் விழுந்துவிடுவாய், உட்காரு. நாளைக்கு ஓட வேண்டிய கால்.

கொஞ்சம் இரு. என் போன் அடிக்கிறது. அவன்தான். நீ பேசாதே, ஒரு நிமிஷம்.

சொல்லு சாமி. ஏறிட்டேன். பெட்டவாய்த்தலை தாண்டிருச்சு. இல்லை, கை வலிக்கலை. சத்தமா? பஸ் சத்தம். பக்கத்திலயா? யாரும் இல்லையே. காலியாத்தான் இருக்கு. நான் யார்கிட்டப் பேசப் போறேன், தூங்கிக்கிட்டு வந்தேன். இல்லைப்பா, யார்கிட்டயும் சொல்லலை. சரி. சரி. வந்துரு.

வைத்துவிட்டான்.

ஏன் என்னை அப்படிப் பார்க்கிறாய்? வாய் தவறி வந்துவிட்டது. அவனிடம் நான் பொய் சொன்னதே இல்லை. பஸ் குலுக்கலில் என்னவோ வந்துவிட்டது.

நீ கூப்பிட வேண்டும் என்றாயே, கூப்பிடு. இப்போதே கூப்பிடு, திருச்சி வந்துவிடும். நான் தூங்கப் போகிறேன். சத்தமாகவே பேசு கண்ணு, எனக்கு இந்தப் பக்கத்துக் காது கேட்காது.